நானாவின் காரில் என் டைனமோ

பேசாலையில் என்னிடமும் எருக்கலம்பிட்டியில் நான் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணரிடமும் ஒரே மாதிரியான பழைய கார்கள் இருந்தன. இரண்டு பேரும் வாடகைக்கு ஓடினோம். புதுச் சாமான் கிடைக்காத காலம். நோன்புப் பெருநாளுக்கு என் காபரேட்டர் அவருக்குப் போகும். நத்தாருக்கு, அதுதான் எங்கள் கிறிஸ்மஸுக்கு, அவருடைய டைனமோ எனக்கு வரும். கழற்றிப் பூட்டுவது அரை மணித்தியால வேலை. நாங்கள் பின்னேரம் முழுக்க பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கதைப்போம். அவர் மனைவி இஞ்சித் தேத்தண்ணி அனுப்பிக்கொண்டே இருப்பா.

பிறகு ஒருநாள் துவக்கோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் ஓடிப்போனபோது நானா பிள்ளைகளின் உடுப்புகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். கார்த் திறப்பை என் கையில் வைத்தார்.

"உன்ர வளவில கொண்டுபோய் விடு தம்பி. வேணுமெண்டதைக் கழட்டு."

"அதெல்லாம் வேண்டாம் நானா. நீங்கள் கெதியா வந்திருவியள்."

"ஓம், வருவன். அதுவரைக்கும் உன்ர கார் ஓடட்டும்."

அவர்கள் வள்ளமேறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள்.

பல மாதம் என் வளவில் நின்ற அந்தக் காரை நான் தொடவில்லை. ஒரு காலை அயல்வீட்டுப் பெண்பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வந்துவிட்டது. என் ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை. நானாவின் காரிலிருந்ததைக் கழற்றினேன். அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து பார்த்தால், கழற்றிய இடம் பல்லுப் போன வாய் மாதிரிக் கிடந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. என் பழுதான ஸ்டார்ட்டரை அங்கே பூட்டினேன். அதன்பிறகு எதைக் கழற்றினாலும் அப்படித்தான். டைனமோ, காபரேட்டர், தண்ணிப் பம்ப். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களிலும் அவருடைய சாமான்கள்தான் என்னைக் காப்பாற்றின. ஒவ்வொரு முறையும் "நானா, எடுக்கிறன்" என்று வாய்விட்டுச் சொல்வேன்.

ஏறக்குறைய இருபது வருசம் கழித்து, சண்டை முடிந்த பிறகுதான் அவர் வந்தார். தாடி முழுக்க வெள்ளை. நேரே காரிடம் போய்ப் பொனற்றைத் தூக்கினார்.

"எல்லாம் அப்பிடியே இருக்கே!"

"அதெல்லாம் என்ர பழசு நானா. உங்கடது என்ரதில ஓடுது."

அவர் என் காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஓடுகிற எஞ்சினில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சூடு ஏறியும் எடுக்கவில்லை.

"இஞ்சயே வந்திருங்கோவன் நானா" என்றேன்.

"பேரப்பிள்ளையள் புத்தளத்தில படிக்குதுகள். மனிசியையும் அங்கதான் அடக்கினது. அவவை விட்டிட்டு எப்பிடி வாறது?"

அவ மவுத்தானது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பின்னேரம் பஸ்ஸுக்குப் போகும்போது அவரையே என் காரை ஓட்டச் சொன்னேன். மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹோன் அடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கேளாதது போல இருந்தோம்.