எர்சிராவின் வீடும் அறுபத்திரண்டு புட்டிகளும்

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், சிலோயே தீவின் கில்கேன் கிராமத்தில், எர்சிரா நவெல்கினின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு காலத்தில் பதினொரு ஆப்பிள் மரங்கள் நின்றன. கடல் கரையை அரித்து அரித்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. கடைசி மரம் போன மார்ச்சில், காயோடு சேர்ந்து போனது. மறுநாள் காலை எர்சிரா சமையலறை ஜன்னலைத் திறந்தாள். வரிசையில் அடுத்தது தன் சமையலறைதான் என்பது தெரிந்தது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். புருஷன் தெற்கே பூந்தா அரேனாசுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தி வீட்டில் நிரந்தரமாகிவிட்டான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. அவளுக்கும் சேர்த்து ஊர் பேசிக்கொள்கிறது.

வீட்டை நகர்த்தியாக வேண்டும். கில்கேனில் எல்லாம் மரவீடுகள். அடியில் நீளமான சறுக்குக் கட்டைகளைக் கொடுத்து, ஜோடி ஜோடியாக மாடுகளைப் பூட்டி, வீட்டை அப்படியே இழுத்துக்கொண்டு போவார்கள். மிங்கா என்று பெயர். கூலி கிடையாது. வீட்டுக்காரி வாசல் வாசலாகப் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் மறுக்கக் கூடாது. பதிலுக்கு வந்தவர்களின் வயிறும் தொண்டையும் நிறைய வேண்டும். வயிற்றுக்கு ஆட்டுக்கறி. தொண்டைக்கு ஆப்பிள் கள். ஆப்பிளைத்தான் கடல் கொண்டுபோய்விட்டதே. அதனால் தன் கறுப்பு பீரைக் காய்ச்சுவதென்று எர்சிரா முடிவெடுத்தாள். ஊர் இந்தச் செய்தியைத் துக்கச் செய்தி போல அமைதியாக ஏற்றுக்கொண்டது.

அந்த பீரை மால்ட்டா என்பார்கள். பார்லியை முளைகட்டி, விறகடுப்பில் உலர்த்தி, கொஞ்சத்தை மட்டும் காப்பிக்கொட்டை மாதிரி கறுக்க வறுத்து, கொதிக்கவைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு, ஆறியதும் ரொட்டி ஈஸ்ட்டைக் கலப்பாள். இனிப்பில்லாத மால்ட்டா மால்ட்டாவே இல்லை. ஆனால் சர்க்கரை போட்டால் ஈஸ்ட் அதைத் தின்று கேஸாக்கிவிடும். அதனால் புட்டிகளை வெந்நீரில் நிறுத்தி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுவாள். இனிப்பு பிழைத்தது, கேஸ் செத்தது. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊற ஆளுக்கொரு புட்டி கொடுப்பாள். அவர்களும் பாவம், படுத்த படுக்கையில் இருப்பவர்கள், எழுந்து ஓட முடியாது.

ஊரிலேயே அதிக மாடுகள் வைத்திருப்பவர் அபெலினோ சிகுவாய். மிங்காவில் மாடுகளை இழுக்கவைக்கக் குரல் கொடுப்பவரும் அவர்தான். மரியாதைக்கு ஊர் அவரைத் ‘தோன்’ என்று சேர்த்துத்தான் கூப்பிடும். அவள் கேட்கப் போனபோது மாட்டுக்குக் கொம்பு துடைத்துக்கொண்டிருந்தார்.

“குடிக்க என்ன குடுப்ப?”

“மால்ட்டா.”

அவர் மாட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். “மாட்டுக்குக் கேக்கல எர்சிரா. எங்களுக்கு.”

“உங்களுக்குத்தான் தோன் அபெலினோ.”

“கேஸ் இருக்குமா?”

“இருக்கும்.”

“இருந்தா சாயங்காலம் வரைக்கும் நிப்பானுங்க. அதே இருமல் மருந்துதான்னா, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொருத்தனா நழுவிடுவான். வீடு நடுவழியில நிக்கும். நான் மாட்டத்தான் அதட்ட முடியும்.”

அவர் சொன்னது நிஜம். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கையில் இருந்தது. அதற்கப்புறம் உருளைக்கிழங்கு நடவு. எந்த மாடும் யாருக்கும் கிடைக்காது. நடவு முடிவதற்குள் கடல் வாசற்படிக்கு வந்துவிடும். நானூறு மீட்டர் மேலே அண்ணனின் நிலத்தில் நான்கு கல் நட்டு இடம் குறித்து வைத்திருந்தாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் யாஸ்னாதான் வழி சொன்னாள். பாலில் இருக்கிற சர்க்கரையைத் தனியாகப் பொடியாக விற்கிறார்கள், அதை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, இனிப்பு அப்படியே நிற்கும் என்றாள். காஸ்த்ரோ டவுனிலிருந்து ஒரு பையும் வாங்கி வந்து கொடுத்தாள். “கேஸுக்கு மட்டும் புட்டிக்கு அரை ஸ்பூன் சாதா சர்க்கரைக்கா. அரைதான். வெந்நீர்லயும் வைக்காதீங்க.”

பள்ளிச் சமையலுக்கு அரசாங்கம் அனுப்பும் அளவுப் பட்டியலை எர்சிரா பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறாள். அரை ஸ்பூன் என்பது காகிதத்தில் எழுத ஏற்பட்டது என்பது அவள் அனுபவம். ஒரு ஸ்பூன் போட்டாள். பத்து நாள் கழித்து ஒன்றைத் திறந்தாள். புட்டி பெருமூச்சுகூட விடவில்லை. அந்தத் தீவில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம், ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருந்தது. எர்சிராவுக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. எல்லாப் புட்டியையும் திறந்து இன்னொரு ஸ்பூன் போட்டு, மறுபடி மூடி அடித்து, விறகடுப்பைச் சுற்றி அடுக்கினாள். கில்கேனில் எது சரியில்லை என்றாலும் அடுப்போரம்தான் வைப்பார்கள்: நனைந்த காலுறை, பிறந்த கன்றுக்குட்டி, ஜுரம் கண்ட மாமனார்.

ஒரு வாரம் கழித்து இன்னொன்றைத் திறந்தாள். நுரை கூரையைத் தொட்டது. புட்டியில் கால்வாசி மிஞ்சியது. எர்சிராவுக்குப் பரம திருப்தி. மிச்சம் அறுபத்திரண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரும் எட்டு ஜோடி மாடுகளும் வந்தார்கள். இழுக்கும் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது முறை. அடுப்பு, கட்டில், ஜன்னல் கண்ணாடி, மாதா படம் எல்லாம் புல்தரைக்கு வந்தன. புட்டிகளை மட்டும் எர்சிரா வெளியே எடுக்கவில்லை. எடுத்தால், கேஸ் இருக்கிறதா என்று ஊரே முன்கூட்டிப் பரிசோதித்துவிடும். ஆட்டுத்தோலிலும் கம்பளியிலும் சுற்றி உக்கிராண அறையில் வைத்துப் பூட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் வரை வீடு நல்ல பிள்ளையாக நடந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பள்ளத்தில் சறுக்குக் கட்டை சேற்றில் புதைந்து, வீடு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மூன்று தடவை இழுத்தார்கள். அசையவில்லை. ஆட்கள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேலிப்பக்கம் இருவர் செருப்புச் சேற்றைத் தட்டினார்கள். வீட்டுக்குக் கிளம்புகிறவன்தான் செருப்பைத் தட்டுவான். அபெலினோ தொப்பியைக் கழற்றிவிட்டு, நடவு முடிந்து பார்க்கலாம் என்றார். அக்டோபருக்குள் அந்தப் பள்ளம் குட்டையாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

எர்சிரா அழவில்லை. “இன்னும் ஒரே ஒரு தடவ இழுங்க. அப்புறம் புட்டியத் திறக்கறேன்.”

“புட்டி எங்க இருக்கு?”

“உள்ள.”

“எதுக்குள்ள?”

“வீட்டுக்குள்ள.”

அபெலினோ வீட்டை ஒரு தடவை பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு குரல் கொடுத்தார். எட்டு ஜோடியும் முட்டிக்கொண்டு இழுத்தன. வீடு ஒரு குலுங்கு குலுங்கியது. உள்ளே முதல் புட்டி வெடித்தது.

துப்பாக்கிச் சத்தம் மாதிரி இருந்தது. அடுத்தது அதைவிடப் பெரிது. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. மாடுகள் யாரையும் கேட்காமல் ஒரு முடிவுக்கு வந்தன. வீடு பள்ளத்திலிருந்து எழுந்தது, மேட்டில் ஏறியது, அண்ணனின் நிலத்தில் நட்டிருந்த நான்கு கற்களையும் கடந்தது, அடுத்திருந்த அபெலினோவின் வேலியைச் சாய்த்தது, அவர் நடவுக்கு உழுது வைத்திருந்த வயலின் நடுவில், மாடுகளுக்கு மூச்சு முட்டியபோது நின்றது. நாற்பது பேரும் பின்னால் ஓடி வந்தார்கள். வாசற்படி வழியாகக் கறுப்பு நுரை மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

பத்தொன்பது புட்டிகள் பிழைத்திருந்தன. ஆளுக்கு அரை டம்ளர் வந்தது. யாரும் நழுவவில்லை, இதைப் பார்த்துவிட்டு யார் போவார்கள். அபெலினோ நின்றபடியே குடித்தார். மீசையைத் துடைத்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

எர்சிரா அவரிடம் வந்தாள். நடவு முடிந்ததும் முறைப்படி வந்து கேட்கிறேன், வீட்டை அண்ணன் நிலத்துக்கே திருப்பி இழுத்துவிடலாம் என்றாள்.

“வேணாம். கேக்காத எர்சிரா. கேட்டா நான் மறுக்க முடியாது.”

அந்த வாரம் ஊரே நடவில் இருந்தது. அபெலினோ மட்டும் தன் வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எர்சிராவின் வீட்டுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய் நட்டார். மூன்று நாள் ஆயிற்று. வீடு இப்போது அவர் வேலிக்கு வெளியே, அண்ணன் நிலத்தோடு சேர்ந்திருந்தது. கொஞ்சம் தாராளமாகவே சுற்றியிருந்தார். ஏழெட்டு ஆப்பிள் மரம் வைக்கலாம். ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம், இன்னொரு தடவை மாடுகளைப் பயமுறுத்த மனசு வரவில்லை என்றார்.