குற்றாலத்தில் ஒரு துப்பாக்கி வார்

மதுரையில் காலை வண்டி ஏறியதுமே எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "அந்தக் கைய மடியில மூடி வச்சுக்க" என்றார். குற்றாலம் போகிறவர்கள் எண்ணெய், சீயக்காய், மாற்றுச் சேலை என்று மூட்டை கட்டுவார்கள். நாங்கள் முந்தின நாள் முழுக்க எலுமிச்சம்பழத்தை வைத்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தேய்த்தும் என்ன, நகக்கண்ணில் ஏறின கறுப்புச் சாயம் அப்படியேதான் இருந்தது. மெழுகு நூலை இழுத்து இழுத்துச் சுண்டுவிரல் ஓரத்தில் விழுந்த வெட்டுகளை எந்தப் பழம் போக்கும்?

எங்கள் வேலை தோல் வேலை. துப்பாக்கிக்கு வேண்டிய சாமான்கள் செய்கிறோம். போலீஸ்காரர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்குமே, அந்த உறை. தோட்டா செருகும் பட்டை. வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வார். ஊரில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு வெகு காலமாகச் செய்து கொடுக்கிறோம். தோலை வெட்டுவதும் துளை போடுவதும் அவர். தைப்பது நான். ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி, அந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி. ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

"என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டா நீ வாயத் திறக்காத. துப்பாக்கிக் கடைன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். "அது பொய்யா, சொல்லு?"

முழுப் பொய் இல்லைதான். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. போன வருஷச் சாரலுக்குக் குற்றாலம் போன எங்கள் தெருக்காரர் ஒருவர் உள்ளதைச் சொல்லிவிட்டு, கேட்ட வீட்டிலெல்லாம் இடமில்லை என்று துரத்தப்பட்டு, ராத்திரி முழுக்க ஒரு கடை இறவாரத்தில் நனைந்துவிட்டு ஊர் திரும்பினார். எங்களுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்பதுதான் அவர் கவலை. இரண்டு பிள்ளைகளையும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து போவோம் போவோம் என்று சொல்லி இப்போதுதான் கிளம்பியிருந்தோம்.

விருதுநகரில் வண்டி மாறினோம். மதுரையிலிருந்து தென்காசிக்கு நூற்றுச் சொச்சம் மைல். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில் வரைக்கும் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கடையநல்லூர் தாண்டியதும் யாரோ கதவைத் திறந்துவிட்டாற்போலக் குளிர்ந்த காற்று வந்தது. எதிரே இருந்த அம்மாள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மலை தெரிந்தது.

பிற்பகல் தென்காசி. ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிக்காரர் ஒன்றே கால் கேட்டார், ஒரு ரூபாய்க்கு வந்தார். குற்றாலம் மூன்று மைல்.

"சாரல் எப்படிப்பா?"

"அமோகமா இருக்கு அண்ணாச்சி. நேத்து மெயின் அருவில ஆளயே நிக்க விடல, அடிச்சுத் தள்ளுது. அண்ணாச்சிக்கு என்ன ஜோலி?"

"துப்பாக்கிக் கடை" என்றார் இவர், சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே. வண்டிக்காரர் திரும்பி ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அதற்கப்புறம் குதிரையை வைவதைக்கூட மரியாதையாகத்தான் வைதார்.

சாரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் நனைவோம். நடுவில் வெயிலும் அடிக்கும். முதல் பத்து நிமிஷம் நான் குழந்தை மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு வந்தேன்.

சீசனுக்கு வீட்டில் பாதியை வாடகைக்கு விடுகிறவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. தென்காசியில் அரிசிக்கடை. சாப்பாட்டோடு சேர்த்து எங்கள் இருவருக்கும் நாளுக்கு ஐந்து ரூபாய். இவர் துப்பாக்கிக் கடை என்றதும் அண்ணாச்சி துள்ளி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஏட்டி செண்பகம், காப்பி கொண்டா! துப்பாக்கிக் கடை அண்ணாச்சி வந்திருக்காவ!" செண்பகம் அவர் மனைவி. என்னைவிட நாலைந்து வயது இளையவள். வந்த அரை மணிக்குள் என்னை மைனி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி எங்களை நடுக்கூடத்தில் உட்காரவைத்து இலை போட்டாள். அவியலும் தீயலும் மணந்தன. நான் இடது கையைப் புடவைக்குள்ளும் வலது கையைச் சோற்றுக்குள்ளும் மறைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் மெயின் அருவி. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஆண்கள் உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசி, தேய்த்துவிடுகிறவர்களிடம் தலையைக் கொடுத்துவிட்டுக் கல்லில் கிடந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மாடி! தலையில் மூட்டை மூட்டையாகத் தண்ணீர் விழுகிறது. மூச்சு முட்டுகிறது, வெளியே வரவும் மனசில்லை. பக்கத்தில் பெரிய வைரத்தோடு போட்ட ஓர் அம்மாள் வழுக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான், சாயம் போகாத கையைத்தான். வெளியே வரும் வரைக்கும் விடவில்லை. அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அங்கிருந்து ஐந்தருவிக்கு மூன்று மைல் நடந்தோம். வழியெல்லாம் பழக்கடை. ரம்புட்டான், பலாச்சுளை, மலைவாழை. மங்குஸ்தான் விலை கேட்டோம். டஜன் ஒன்றரை ரூபாய் என்றதும் இவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் குரங்கு ஒன்று அவர் கையிலிருந்த வடையைப் பிடுங்கிக்கொண்டது. நான் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீடு திரும்பியபோது கூடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, தலையில் குல்லா. மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி.

"நம்ம காசிம் ராவுத்தர். அச்சன்புதூர். நம்ம கடைக்கு நெல்லு போடுதவரு" என்றார் அண்ணாச்சி. "நீங்க வந்திருக்கியன்னு கேட்டதும் ஏழெட்டு மைலு வண்டி கட்டி வந்திருக்காரு."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. துப்பாக்கியின் உள்விவகாரம் அவருக்கு என்ன தெரியும்? நல்லவேளை, ராவுத்தர் அதைக் கேட்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பித் தோல் வாரைக் காட்டினார்.

"துப்பாக்கிக்கு ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. வயல்ல காட்டுப்பன்னி அடிக்க வாங்குனது, மதுரையில உங்க கடையிலதான். இந்த வாரைத்தான் காட்ட வந்தேன். எட்டு மழைக்காலம் நனைஞ்சிருக்கு. போன ஐப்பசில ஓடை வெள்ளத்துல விழுந்துட்டேன். துப்பாக்கி ரெண்டு பாறைக்கு நடுவுல குறுக்க மாட்டிக்கிடுச்சு. இந்த வாரைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுக் கெடந்தேன், பயலுவ வந்து தூக்குத வரைக்கும். ஒரு தையல் விடலியே! தைச்சது யாரு கை? அதக் கேக்கத்தான் வந்தேன்."

நான் உள்கதவோரம் மோர்ச் செம்போடு நின்றிருந்தேன். வாரைப் பார்த்தேன். கொக்கி மாட்டும் இடத்தில் தையல் இரண்டு திரும்பி வந்து கொஞ்சம் சாய்ந்து முடிந்திருந்தது. அங்கே எங்கள் வீட்டுக்காரர் துளையை எப்போதும் ஒரு நூலளவு கீழே போடுவார். நானும் எப்போதும் திட்டிக்கொண்டே சாய்த்துத் தைப்பேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், சின்னவன் வயிற்றில் இருந்தபோது, குனிய முடியாமல் சுவரில் சாய்ந்து தைத்த வார்களில் ஒன்று அது.

அண்ணாச்சி சிரித்தார். "யாரு கையா இருக்கும் ராவுத்தரே? தோல் தைக்குத பயலுவ கைதான்."

என் வீட்டுக்காரரும் சிரித்தார். "ஆமாமா. பின்வாசல் வழியா வந்து கொடுத்துட்டுப் போவானுங்க. அவனுங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

பின்வாசல் என்பது நிஜம். கடைக்கு இவர் அந்த வழியாகத்தான் போவார்.

ராவுத்தர் சிரிக்கவில்லை. "பேரு தெரியாட்டாலும் ஆளு உண்டும்லா. பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் விஷயம் வெளியே வரும். இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அருவி இருந்தது, செண்பகத்தின் தீயல் இருந்தது, மைனி மைனி என்று அவள் கூப்பிடுவது இருந்தது. அதையெல்லாம் விட மனசு வரவில்லை எனக்கு. அந்தப் பொய்யை அவர் வாயால் சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டு சொன்னேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் ராவுத்தரின் வண்டி மறுபடி வாசலில் நின்றது. ஓலைக்கூடை நிறைய மங்குஸ்தான். மேலே ஈர இலை போட்டு மூடியிருந்தது.

"நாளைக்குக் கெளம்புதியளாமே. இது அந்த வார் தைச்ச ஆளுக்கு. மறக்காமச் சேத்துருங்க அண்ணாச்சி, அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன்" என்று கூடையை இவர் கையில் கொடுத்தார்.

"சேர்த்துடுறேன் பாய்" என்றார் இவர்.

வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, அண்ணாச்சி கூடையைக் கீழே இறக்கி இலையை விலக்கினார். "ராவுத்தருக்குக் கிறுக்கு. அந்தப் பயலுவ வாய்க்கு மங்குஸ்தான் ஒரு கேடா? மதுரை போறதுக்குள்ள அழுகிப் போவும். இங்கனயே தின்னு தீப்போம், வாங்க!" என்று ஒரு பழத்தை உள்ளங்கையில் நசுக்கி உடைத்தார். வெள்ளை வெளேரென்று சுளை. தன் வாயில் ஒன்று போட்டுக்கொண்டார். செண்பகத்துக்கு ஒரு பழம். என் வீட்டுக்காரருக்கு ஒன்று. அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும், இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

"இந்தா தங்கச்சி, நீயும் எடுத்துக்கோ" என்று அண்ணாச்சி என் பக்கம் ஒன்றை நீட்டினார்.

அவர் தருமம் செய்கிற மாதிரி நீட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அது எனக்குக் கொடுத்த பழம்."

"என்ன சொல்லுத?"

மூன்று நாளாக மூடி வைத்திருந்த இரண்டு கையையும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன். "அந்த வாரைத் தைச்சது நான். பின்வாசல் வழியாக் கொண்டு போயிக் கொடுக்கிறது இவரு."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அண்ணாச்சி என் கையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், எழுந்து புழக்கடைப் பக்கம் போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வாய் கொப்பளித்தார். போதும் என்று விடவில்லை, கொப்பளித்துக்கொண்டே இருந்தார். செண்பகம் பாதி தின்ற பழத்தோடு நின்றாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. கடைசியில் அதைக் கூடை ஓரத்தில் மெதுவாக வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சியின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "சாயந்தரம் சொந்தக்காரங்க வாராவ. ரூம்பு வேணும்."

செண்பகம் வாசல் வரை வந்தாள். "வண்டி நாலரைக்குல்லா இருக்கு, ஏம்மா" என்றாள். மைனி போய் அம்மா ஆகிவிட்டது. நாங்கள் படி இறங்கும்போதே பின்னால் கூடத்தைக் கழுவிவிடும் சத்தம் கேட்டது.

தென்காசிக்கு பஸ் பதினைந்து காசு. ஸ்டேஷன் வரைக்கும் கூடையை நான்தான் இடுப்பில் வைத்துச் சுமந்தேன். சாரல் நின்று நல்ல வெயில். மலையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நீங்களும் ஒரு சாரலுக்குக் குற்றாலம் போய்வாருங்கள். அருவிக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கடையநல்லூர் தாண்டியதும் பழைய வெக்கை வந்து ஏறிக்கொண்டது. எங்கள் பெட்டியில் கூட்டமில்லை. சங்கரன்கோவில் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நேத்து நான் அந்தப் பாய்கிட்டச் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்னையத்தான் அப்படிச் சொன்னேன். உன்னைய இல்ல."

"தையல் என்னோடதுங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நசுக்கி, தோலை உரித்து, சுளையை மட்டும் என் உள்ளங்கையில் வைத்தார். தித்திப்பும் புளிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. அடுத்ததை நான் அவருக்கு உரித்தேன். அந்தத் தோலின் சாறு பொல்லாதது. பட்ட இடமெல்லாம் சாயம் மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. ராஜபாளையம் வருவதற்குள் இரண்டு பேர் நகக்கண்ணும் முன்னைவிடக் கறுத்துவிட்டது. என் கையைப் பார்த்தார். மூடி வைத்துக்கொள் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.