அணைக்காத தொட்டி விளக்கு

மனைவி இறந்தபின், எங்கள் வழக்கப்படி காரியம் முடியும்வரை அவள் படத்தின் முன்னால் விளக்கு அணையாமல் எரிந்தது. பக்கத்தில் அவள் வளர்த்த மீன்தொட்டி. அதன் விளக்கையும் அப்படியே விட்டுவிட்டேன். காரியம் முடிந்து குத்துவிளக்கைத் துலக்கி எடுத்து வைத்தார்கள். தொட்டி விளக்கை அணைக்க மட்டும் எனக்குக் கை எழவில்லை. இரவும் பகலும் எரிந்தது.

தண்ணீர் மெல்லப் பச்சையானது. கண்ணாடியெங்கும் பாசி படர்ந்தது. எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் தோன்றவில்லை. ஒரு காலையில் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் வளர்த்ததில் மிச்சம் அவைதாம்.

அன்று அஞ்சுகிராமத்திலிருந்து தங்கை வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தாள்.

"ஏண்ணே, மீனுக்குக் கண்ண மூட இமையா இருக்கு? இப்படி வெளிச்சத்தப் போட்டு வச்சா அது எப்ப உறங்கும்?"

"அவ போட்ட லைட்டு மக்கா."

"மைனி தெனமும் அணைச்சிட்டுல்லா படுப்பா. நீ அதுக்கு முன்னாலயே உறங்கிருவ. ஒனக்கு எங்க தெரியும்?"

பாசியைத் துடைத்து, பாதித் தண்ணீரை மாற்றினோம். மற்ற மீன்கள் பிழைத்தன.

இப்போது டைமர் பொருத்தியிருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு எரிந்து, இரவு ஒன்பதுக்குத் தானே அணைகிறது. இருட்டில் மீன்கள் அடியில் போய் அசையாமல் நிற்கின்றன. தொட்டி வைத்திருப்பவர்களே, ஏழெட்டு மணிநேர வெளிச்சம் போதும். உங்கள் வீட்டில் அதை அணைப்பது யார் என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.