ரைஸ் மில் சுவரில் நான்கு விரல்கள்

போன வருஷம் கொஞ்ச காலம் செஞ்சி ஊர் முழுக்க என் விரல்களை ஒட்டி வைத்திருந்தார்கள். யாருக்கும் தெரியாது. ஒட்டியவர்களுக்கே தெரியாது. என் மனைவியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை உற்றுப் பார்த்தால் அவளுடைய தோளின் மேல் கறுப்பாக நான்கு விரல்கள் தெரியும். அவை என்னுடையவை.

அது திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்த படம். "சண்டை போட்ட மாதிரி நிக்கிறீங்களே சார், மேல கை போடுங்க" என்று போட்டோக்காரர் விடாமல் நச்சரித்ததால் கை போட்டேன். எங்களுக்குள் அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அத்தனை சொந்தக்காரர்கள் எதிரில் நான் தோளில் கை போட்டதும் அவளுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பல் தெரியச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எடுத்த படம் அது ஒன்றுதான்.

அவள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று அவளுடைய தம்பி, என் மைத்துனர், தன் போனில் இருந்த அந்தப் படத்தைப் போஸ்டருக்குக் கொடுத்தார். அவசரம். அச்சுக்காரர் என்னை வெட்டி எடுத்துவிட்டார். அது நியாயம்தான், உயிரோடிருப்பவனை அஞ்சலி போஸ்டரில் போட முடியாது. வெட்டிய அவசரத்தில் விரல்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. கீழே கும்பிட்டபடி மைத்துனரும் அவருடைய சிநேகிதர்களும் வரிசையாக நின்றார்கள். அதில் பாதிப் பேர் என் மனைவியைப் பார்த்ததே கிடையாது.

வீட்டில் மாட்டப் பெரிய படம் செய்தபோது ஸ்டுடியோக்காரருக்கு நேரம் இருந்தது. விரல்களைச் சுத்தமாக அழித்திருந்தார். பின்னால் நீல ஆகாயம் வைத்திருந்தார். முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல அப்படி ஒரு வெள்ளை. மாலை போட்டு, சின்ன பல்பு மாட்டி, கூடத்தில் வைத்தார்கள். இது யார் வீட்டுப் பொம்பளை என்று எனக்குத் தோன்றியது. அசல் படத்தைக் கேட்டேன். மைத்துனர் அதற்குள் போனை மாற்றிவிட்டார், ஸ்டுடியோவில் அழித்துவிட்டார்கள். மீதிப் போஸ்டராவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, சாவுப் போஸ்டரை வீட்டில் வைக்கக் கூடாது என்று கருமாதி முடிந்த அன்றே பெண்கள் கொளுத்திவிட்டதாகச் சொன்னார்கள்.

எனக்குப் போஸ்டர் என்றாலே ஆகாது. பஜாரில் கயிறும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிற கடை எங்களுடையது. ஷட்டரில் கொட்டை எழுத்தில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த எழுத்தின் மேலேயே ஒட்டுவார்கள். கருமாதி முடிந்து கடைக்குப் போனேன், ஷட்டரில் அவள் இருந்தாள். எவனோ பையன் மற்ற கடைகளோடு சேர்த்து என் கடைக்கும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஷட்டரைத் தூக்கினால் அவள் சுருண்டு உள்ளே போவாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அன்று கடை திறக்கவில்லை.

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் வேலைக்குத் திரும்பினான். சொந்தக்காரர்களும் போனார்கள். போன மாட்டைத் தேடுவாரும் இல்லை, வந்த மாட்டைக் கட்டுவாரும் இல்லை என்கிற வீடாகிவிட்டது என் வீடு. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டால் போவதற்கு இடமில்லை. வீட்டில் அந்த வெள்ளை முகம். அதனால் போஸ்டர்களைப் பார்க்க நடக்க ஆரம்பித்தேன்.

பஜார்ச் சுவர்கள் யாரையும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் அவள் மேல் ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஏறிவிட்டது. டீக்கடைப் பக்கம் ஒரு வயசுக் குழந்தையின் பிறந்த நாள். அந்தக் குழந்தை கண்ணில் கூலிங் கிளாஸோடு சிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கோபம் வந்தது. குழந்தையிடம் என்ன கோபம், ஆனாலும் வந்தது.

பஜாரில் அவள் காணாமல் போகப் போக நான் ஊரின் ஓரத்துக்கு நகர்ந்தேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது கடையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து கடை. மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் 'அந்தப் பக்கம்'. அந்தப் பக்கத்துக்கு அவள் எனக்கு முன்னால் போய்விட்டிருந்தாள். லாரி பட்டறைத் தெருவில் ஒரு தகரக் கதவில் இருந்தாள். பக்கத்தில் பஸ் போர்டு எழுதிப் பழகுகிற யாரோ 'மேல்மலையனூர்' என்று ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்திருந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் கழுத்தே இல்லாத ஒரு பயில்வான், அவன் புஜத்தின் கீழே அவள். பள்ளிக்கூடச் சுவரில் சூரியக் குடும்பம் வரைந்திருந்தார்கள். அதில் பூமி சூரியனைவிடப் பெரிசு. மூலத்துக்கு மருந்து எழுதிய சுவரிலும் இருந்தாள். அதை மட்டும் என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

நீலக் கோட்டு போட்ட தலைவரை ஆள் உயரத்துக்கு வரைந்திருந்த ஒரு தெருவில், அவர் பக்கத்தில் எதையும் ஒட்டாமல் சுவரைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். மசூதித் தெருவில் பச்சைச் சுவரில் கரிக்கட்டியால் கிரிக்கெட் ஸ்டம்ப் வரைந்திருந்தது. எந்தத் தெருவில் திரும்பினாலும் முனையில் மலை நின்றது. அதன் பாறைகளில்கூடச் சுண்ணாம்பால் கட்சிப் பெயரை எழுதிவிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சும்மா இருக்கிற இடம் என்று ஒன்று கிடையாது. இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தெருவிலும் நினைத்தேன். சொல்ல ஆளில்லை என்பது அடுத்த நிமிஷம் ஞாபகம் வரும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நடந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

போனில் படம் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது என்பீர்கள். எடுத்தேன். போனில் அவள் என்னோடு மட்டும் இருந்தாள், அதுவும் நான் திறந்தால்தான். சுவரில் அவள் ஊரோடு இருந்தாள். நான் தூங்குகிறபோதும் என் கை அவள் தோளில் கிடந்தது.

மழைக்காலம் வந்ததும் ஒவ்வொன்றாகக் கரைந்தது. கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஏரிக்குப் போகிற வழியில், மூடிக் கிடக்கிற ஒரு ரைஸ் மில்லின் காம்பவுண்டுச் சுவர். மேலே தகரம் நீட்டிக்கொண்டிருந்ததால் மழை படவில்லை. அதைக் கண்டுபிடித்த அன்று அங்கே எனக்கு முன்னால் ஒரு வெள்ளாடு நின்றது. மைதாப் பசையின் ருசிக்காக, கீழேயிருந்து போஸ்டரைத் தின்றுகொண்டு வந்தது. மைத்துனரையும் சிநேகிதர்களையும் முழுசாக முடித்துவிட்டு அவளுடைய புடவைக் கரைக்கு வந்திருந்தது. மைத்துனரைத் தின்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இன்னும் ஒரு சாண் ஏறினால் தோள். செருப்பைக் கழற்றி ஓங்கிக்கொண்டு ஓடினேன்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் துடைப்பம்.

"யோவ், இன்னாய்யா ஆட்டத் தொரத்துற? ஒன் ஊட்டுச் சோத்தையா துன்னுது?"

"அது என் வூட்டுக்காரிம்மா" என்றேன். செருப்பு கையிலேயே இருந்தது. மூச்சு வாங்கியது.

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டின் மறுபக்கத்தில் கட்டினாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நெதம் காலைல கதவத் தொறந்தா இவங்க மூஞ்சிலதாண்ணா முழிக்கிறேன்" என்றாள். "மொதல்ல, செத்தவங்க மூஞ்சாச்சேன்னு பயந்தேன். கிழிச்சுடலாம்னுகூட வந்தேன். சிரிச்ச மூஞ்சி, கை வரல. அப்புறம் பாரு, ஒரு கொறையும் இல்ல. ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. இருந்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன்."

என் மனைவி முகத்தில் முழித்தால் நல்லது நடக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் மாட்டாள். அன்று வீட்டுக்குப் போய் அந்த வெள்ளைப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து முதல் தடவையாக அழுதேன்.

அதற்குப் பிறகு என் நடை அந்த ஒரு சுவருக்குத்தான். கொஞ்ச நேரம் நிற்பேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுவாள். அதிகம் பேச மாட்டோம். ஒரு நாள் அவள் திடீரென்று கேட்டாள்.

"அண்ணா, ரொம்ப நாளா கேக்கணும்னு. தோள் மேல வெரல் மாதிரி இருக்குதே, அது யாரோட கை?"

ஊரில் எத்தனை பேர் பார்த்த போஸ்டர். பெற்ற மகன் பார்த்தான், கூடப் பிறந்த தம்பி பார்த்தார். ஒருத்தரும் கேட்கவில்லை.

"என் கைதாம்மா."

அவள் எழுந்து வந்து என் கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "ஆமா" என்றாள், பெரிய விஷயம் ஒன்றைச் சரிபார்த்துவிட்டது போல. திரும்பிப் போய்ப் பீடி சுற்ற உட்கார்ந்தாள்.

இந்த வருஷம் எங்கள் மலைக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் ஊருக்கு ஒப்பனை செய்யக் கிளம்பினார்கள். வெளியூரிலிருந்து ஓவியம் படிக்கிற பிள்ளைகள் வந்து சுவர் சுவராக யானையும் குதிரையும் வரைந்தார்கள். நன்றாகத்தான் வரைந்தார்கள். பட்டறைத் தெருவின் தகரக் கதவில்கூட மயில் ஏறிவிட்டது. ரைஸ் மில் தெருவுக்கு வர நாளாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அமாவாசைக்கு முந்தின வாரம். அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டில் நெரியும், கடையை விட்டு நகர முடியாது. கயிறு கேட்பார்கள், வாளி கேட்பார்கள், சில்லறை கேட்பார்கள். அந்த அமாவாசையன்றும் சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன்.

தெரு முனையிலேயே பெயிண்ட் வாசனை அடித்தது.

சுவர் முழுக்க மலை. அடிவாரத்தில் யானைகள். அவள் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பாறை. ஒரு பெண்பிள்ளை ஏணி மேல் நின்று கோட்டைக் கொடிக்குச் சிவப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்தாள். "எங்கண்ணா போன? காலைலேர்ந்து பாக்குறேன். இந்தப் பொண்ணுகிட்ட எவ்ளோ சொன்னேன், அவரு வருவாரு, வந்து சொல்லுவாரு, அது வரைக்கும் அந்த எடத்த உடும்மான்னு. மத்தியானம் வரைக்கும் உட்டுதுங்க. அப்புறம் இன்னா பண்ணும், பாவம்."

"சொரண்டி எடுத்தாங்களா?"

"சொரண்டிப் பாத்தாங்க. வரல. அது மேலயே அடிச்சுட்டாங்க. உள்ளதான் இருக்காங்க."

உள்ளேதான் இருக்கிறாள். நான் சுவருக்குப் போனேன். கிட்டே போய்ச் சாய்வாகப் பார்த்தால் போஸ்டரின் ஓரம் பெயிண்டுக்கு அடியில் மெலிதாக மேடு தட்டித் தெரிந்தது. மேல் ஓரத்தைப் பார்த்தேன். அங்கிருந்து கீழே எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தலை, கழுத்து, தோள். யோசிக்கவே இல்லை. கையை வைத்தேன்.

"அங்கிள்! காயல, தொடாதீங்க!" ஏணியிலிருந்து அந்தப் பெண்பிள்ளை கத்தினாள்.

கையை எடுத்தேன். பாறையின் மேல் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. சாம்பல் வழித்து வந்து, அடியில் பூசிய வெள்ளை தெரிந்தது. அவள் இறங்கி, பிரஷ்ஷோடு வந்தாள். கோபம்தான். பகல் முழுக்க வெயிலில் நின்று வேலை செய்த பிள்ளை, கோபம் வராதா? "சாரிம்மா" என்றேன்.

"அத உட்டுடும்மா" என்றாள் ஆட்டுக்காரப் பெண். "அது மின்னயே அங்க இருந்த கைதான்."

அந்தப் பிள்ளைக்கு என்ன புரிந்ததோ. காலையிலிருந்து கேட்ட கதை ஞாபகம் வந்திருக்கலாம். பிரஷ்ஷைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து சாம்பல் நிறம் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு போய் ஒரு யானையின் வாலுக்கு வண்ணம் வைக்க ஆரம்பித்தாள்.

"இனிமே காலைல உங்க கைலதான் முழிக்கணும் போல" என்று சிரித்தாள் ஆட்டுக்காரப் பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பஜார் வழியாக வந்தேன். மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தன. வலது கை சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து ஒருவர் அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். என் மனைவி இருக்கையில் இப்படிப் பெயிண்டோடு வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால், "இன்னா இது கோலம், வாசப்படியத் தொடாத" என்று அவள் ஓடி வந்திருப்பாள். இடது கையால் வீட்டுப் பூட்டைத் திறந்தேன். கையைக் கழுவாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.