நிற்கக் கூடாத பம்பு

நகரியில் இருபது வருடம் பவர்லூம் ஓட்டினேன். முட்டி போனது. இப்போது திருப்பதியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பார்ப்பது இதய பம்பு.

கட்டைவிரல் அளவு சாமான். இதயம் ஓய்ந்துபோனவர்கள் நெஞ்சில் வைப்பதற்கு. வைக்கும் முன் மேசைமேல் ஓட்டிப் பார்க்கிறார்கள். ரத்தத்துக்குப் பதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்து, உடம்புச் சூட்டில், குழாய்க்குள் சுற்ற விடுவார்கள். ஓட்டம், அழுத்தம், சூடு மூன்றையும் மணிக்கொரு தரம் நோட்டில் எழுத வேண்டும். நாங்கள் மூன்று பேர் முறைவைத்துப் பார்த்தோம்.

ஆறு மாதம் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் அதுவரை ஓடியது செல்லாது. மறுபடி முதல் நாள். பம்பைச் செய்த மேடம், நான் வேலையில் சேரும்போதே இதைச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே குழாய் கசிந்து அவருக்கு ஒருமுறை வீணாகியிருந்தது.

இந்தத் தடவை ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தேன். கண் சொக்கியது. கரகரவென்று சத்தம் மாறியது. தறியில் நூல் அறுந்தால் சத்தம் மாறும். உடனே நிறுத்தாவிட்டால் துணி பாழ். யோசிக்க நேரம் இருக்காது, கைதான் போகும். அன்றும் கை சுவிட்சுக்குப் போனது. கண்ணைத் திறந்தால் பம்பு நின்றிருக்கிறது. கரகரப்பு நிற்கவில்லை. அது தண்ணீரைச் சூடாக்கும் பெட்டியின் விசிறி.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் புத்தூர்க்காரர் ஓடி வந்தார்.

"இன்னா மாமா பண்ணிக்கினு கீற?"

"நிறுத்திட்டேன்."

"தறின்னு நெனச்சியா? இதுல லுங்கியா வரப்போவுது?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பம்பு தானா நின்னுபோச்சுன்னு எழுதிடு. ஒன் வேல தப்பும்."

"அப்புறம் அந்தம்மா இல்லாத பழுதத் தேடிக்கினு இருப்பாங்க."

"தேடட்டுமே. ஒனக்கு இன்னா?"

"வாணாம்பா."

நோட்டில் எழுதினேன்: நான் நிறுத்தினேன். பம்பில் தப்பு இல்லை.

மேடம் வந்து, நின்றபடியே படித்தார். தெலுங்குக்காரர். எங்களோடு தெலுங்கு கலந்த தமிழில் பேசுவார்.

"ஏமண்ணா இது? அஞ்சு மாசம்."

"ஆமா மேடம்."

"பம்புல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"இல்ல மேடம். விசிறி சத்தம். கை போயிடுச்சு."

நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபம். எழுந்து, சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பொருத்திப் பூட்டினார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வர்றீங்களா?"

"இன்னிக்கே ஓட விடலாம் மேடம்."

மூடியைத் திறந்து, பம்பை ஓடவிட்டு, மறுபடி பூட்டினார். புதுப் பக்கம் திருப்பி முதல் நாள் என்று எழுதினேன். அடுத்த மணி வரும்வரை, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.