அமிர்தநாதனின் தொண்டை

மணிமங்கலம் அமிர்தநாதனுக்குக் கடவுள் உயரத்தையும் உடம்பையும் சிக்கனமாகக் கொடுத்துவிட்டு, மிச்சம் பிடித்ததையெல்லாம் தொண்டையில் வைத்துவிட்டார். மாதா கோயில் தேர்பவனியில் அவர் மன்றாட்டு மாலை சொன்னால் பக்கத்து ஊரான படப்பையிலிருந்து பதில் வரும் என்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரகடம் சாலையில் சைக்கிள் மணி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஒவ்வொரு மணியையும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். அந்த இரைச்சலில் பேசிப் பேசி, கடவுள் கொடுத்த தொண்டையை அமிர்தநாதன் இன்னும் பெரிதாக்கிக்கொண்டார்.

அங்கே மனிதர்கள் இரண்டு வகை. வேலைக்கு வந்ததும் மெஷினில் கார்டு குத்துகிறவர்கள் தொழிலாளிகள், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிர்வாகம். கேன்டீனில் இருவருக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. சாம்பார்க் குண்டா ஒன்றுதான், அப்பளம் மட்டும் நிர்வாகத்தின் பக்கம். அலுவலகத்தில் டைப் அடித்த எனக்கும் அப்பளம் உண்டு. ஆகவே நானும் நிர்வாகம்.

மதிய ஷிப்ட் மாறும்போது வாசலில் சங்கக் கூட்டம் நடக்கும். கவிழ்த்த எண்ணெய் டிரம் மீது அமிர்தநாதன் ஏறி நின்று, "நிர்வாகத்தின் அடாவடி" என்று தொடங்குவார். கூட்டம் "ஒழிக, ஒழிக" என்று முடிக்கும். மாடியில் என் மேஜைக் கண்ணாடி அதிரும்.

பர்சனல் மேனேஜர் சுப்பராயன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அமிர்தநாதனை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார். கையெழுத்துப் போடுகிறவர் சங்கத்தில் இருக்க முடியாது.

மனைவி லூர்து மேரிக்குத் தலைகால் புரியவில்லை. அமிர்தநாதனுக்கோ முதல் நாளே கேன்டீனில் சாப்பாடு இறங்கவில்லை. தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து சங்கச் செயலாளர் கன்னியப்பன் குரல் கொடுத்தார்.

"இன்னா சூப்பர்வைசர் சார், அப்பளம் மொறுமொறுன்னு கீதா? நொறுக்கற சத்தம் இங்க வரிக்கும் வருது."

"நமுத்துப் போச்சு கன்னியப்பா."

"நமுத்தாலும் ஆபீசர் அப்பளமாச்சே!"

தடுப்புக்கு அந்தப்பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போனதும் அமிர்தநாதன், "நான் லைன் வேலைக்கே போயிடறேன் மேரி. அந்த டிரம்மு மேல நிக்காம எனுக்குத் தூக்கமே வர்ல" என்றார்.

"போவியே! நான் ஆபீசர் பொண்டாட்டின்னு கோயில்ல மொத வரிசையில போயி உக்காந்துட்டேன். இப்ப எயுந்து பின்னால போவச் சொல்றியா?"

அடுத்த கூட்டத்தில் புதிதாகக் கோஷம் போட வந்தவர் கோபால். யார் அதிகம் கத்துகிறார்கள் என்று கவனிக்க சுப்பராயன் எங்களையெல்லாம் மாடி ஜன்னலில் நிறுத்தியிருந்தார். கோபால், "நிர்வாகத்தின் அடா..." என்று தொடங்கி இருமலில் சிக்கிக்கொண்டார். கூட்டம் காத்திருந்தது. அவருக்கு இருமல் நிற்கவில்லை.

"அடாவடி ஒழிக! ஒழிக!"

என் காதுக்குப் பக்கத்தில் இடி இறங்கியது. கூட்டமே அண்ணாந்து பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே அமிர்தநாதனின் முஷ்டி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரே விசில்.

சுப்பராயன் அவரை அறைக்குள் கூப்பிட்டார்.

"யாருய்யா ஒழியணும்?"

"நிர்வாகம் சார்."

"இப்ப நீ யாரு?"

அமிர்தநாதன் யோசித்தார். "நிர்வாகம் சார்."

"உன்னையே நீ ஒழிகன்னு சொல்லுவியா?"

"பழக்கம் சார். தண்டனையா என்னைத் திரும்ப லைன்லயே போட்டுடுங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுப்பராயன் கவனித்துவிட்டார். "அது தண்டனை இல்லைய்யா, உனக்குப் பரிசு. ஆபீசராவே கிட" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அமிர்தநாதனுக்கு ஜன்னல் பக்கம் போகத் தடை.

அவரை மீட்டது முதலாளி. சென்னையிலிருந்து ஒரு நாள் வந்தவர், கோபால் கோஷம் போடுவதைக் கேட்டுவிட்டு, "கீழே ஏதாவது பஜனையா?" என்று விசாரித்தார். சங்கக் கூட்டம் என்றதும், "சங்கம் இவ்வளவு சாதுவா இருக்கு. அப்புறம் எதுக்கு நமக்கு ஒரு பர்சனல் மேனேஜர்?" என்றார். அடுத்த மாதம் வந்து முடிவு சொல்வதாகக் கிளம்பினார்.

சுப்பராயன் வியர்த்துப்போய் கன்னியப்பனுக்கு ஆள் அனுப்பினார்.

"உங்க அமிர்தநாதனைத் திருப்பி எடுத்துக்கங்க."

கன்னியப்பன் சாவதானமாக உட்கார்ந்தார். "அதெப்டி சார்? ஒரு தபா ஆபீசரானவரை நாங்க சேத்துக்க முடியுமா? சங்கத்துக்குன்னு ஒரு கௌரவம் கீதில்ல."

"கன்னியப்பன், என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்க."

"பாக்குறோம் சார். ஆனா அவர் ஏறி நிக்கிற டிரம்மு ஆடுது. சிமென்ட்ல ஒரு மேடை கட்டிக் குடுங்க. மேல ஒரு ஷீட்டும் போட்டுட்டா மய நாள்லயும் உங்களைத் திட்டலாம்."

நிர்வாகம் தன்னைத் திட்டுவதற்காகத் தன் செலவிலேயே மேடை கட்டியது. சுப்பராயன் நின்று மேற்பார்வையிட்டார். அமிர்தநாதன் லைனுக்குத் திரும்பினார். லூர்து மேரி மட்டும் கோயிலில் முதல் வரிசையை விட்டு நகரவில்லை. "பதவி போனது அவுருக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள்.

முதலாளி மறுபடி வந்தபோது மேடையில் அமிர்தநாதன் நின்றிருந்தார். "நிர்வாகத்தின்" என்ற முதல் வார்த்தையிலேயே கார் வாசலில் நின்றுவிட்டது. சுப்பராயன் கவலையான முகத்தோடு கீழே ஓடினார்.

"பார்த்தீங்களா சார், தினமும் இதோடதான் மல்லுக்கட்டறேன்."

முதலாளி காதைப் பொத்திக்கொண்டு, "நீங்க இங்கேயே இருங்க சுப்பராயன்" என்றார். அதற்குள் கோஷங்கள் எல்லாம் தீர்ந்துபோயின. கூட்டம் கலையப் பார்த்தது. அமிர்தநாதன் இறங்குவதாயில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.