ஜாவாவில் காதர் பாய் போர்த்திய பொன்னாடை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காதர் பாயை அழைத்தேன். மறுநாள் தாம்பரம் சானடோரியத்தில் நம் வாசகர் வட்டக் கூட்டம். மைக் செட் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கத்தான் அழைத்தேன். எடுத்தவர் அவருடைய கூட்டாளி செல்வம். "சார், பாய் மவுத்தாயிட்டாரு சார்" என்றார். அதற்கு நான் சொன்ன பதில்: "அப்போ நாளைக்கு மைக்?"

இதை மறைத்துவிட்டு நல்லவனாக ஓர் அஞ்சலி எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை. செல்வம் என்னைத் திட்டக்கூட இல்லை. "நான் கொண்டாந்துடறேன் சார்" என்றார். அதன் பிறகுதான் அவர் முதலில் சொன்னது என் மண்டைக்குள் இறங்கியது. பாய் விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு வந்து டீ குடித்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை மாலை என் எதிரில் நின்று ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள். இதை எழுதும்போதும் எனக்கு விளங்கவில்லை.

நம் கூட்டங்களுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் முகம் ஞாபகம் வருமா என்பது சந்தேகம்தான். அனகாபுத்தூரில் வீடு. வீட்டின் முன்னறைதான் கடை. அந்தச் சந்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தூக்கிப் போக முடியாது. அடையாற்றில் தண்ணீர் ஏறினால் பீரோவை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபையரைத்தான் முதலில் பரணில் ஏற்றுவார். கோயில் திருவிழா, சர்ச் திருநாள், நிக்காஹ், கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். நம் கூட்டத்தில் பேச்சாளர் பேச ஆரம்பித்ததும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைச் செல்வத்திடம் விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றுகொள்வார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "மேடைல குந்திகினுகீறவனுக்கு எல்லாமே நல்லாத்தான் சார் கேக்கும். கடைசி சேர்ல கீறவனுக்கு கேக்குதா, அத்தப் பாருங்க" என்றார்.

அவர் மகள் ஷபானா ஜாவாத் தீவில் சோலோ என்ற ஊரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அத்தா வந்து பார்க்க வேண்டும் என்று நச்சரித்தாள். பாய்க்கு மனைவி இல்லை, தனியாக விமானம் ஏறப் பயம். "நீங்க வந்தா போலாம் சார், இல்லாங்காட்டி வேணாம்" என்று என் தலையில் கட்டினார். நானும் ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தவன், கிளம்பினேன். போன வருடம் நடந்தது இது. வெளிநாட்டில் கலைஞர்களைப் பார்த்தால் மரியாதை செய்ய வேண்டாமா என்று நான்கு பொன்னாடைகளையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் கூட்டம் நடத்தியவனுக்கு வேறு எப்படி மரியாதை செய்யத் தெரியும்?

அங்கே முதல் இரண்டு நாள் ஊர் சுற்றிக் காட்டும் கம்பெனிக்காரர்கள் எங்களை ஒரு ஹோட்டலில் உட்காரவைத்து நடனம் காட்டினார்கள். சாப்பாட்டோடு சேர்த்து முக்கால் மணி நேரம். நான் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பாய் நெளிந்தார். "இது நமக்கோசரம் வாசிக்கிறாங்கோ சார். அவுங்களுக்கோசரம் வாசிக்கிறது எங்க நடக்குதுன்னு கேளு ஷபானா" என்றார். அவளுடன் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கிராமத்தில் அறுவடை முடிந்து ஊர் விருந்து வைப்பதாகத் தெரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம்.

ஒரு பெரிய கூரைக்குக் கீழே பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தோளில் சால்வையோடு ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். வெண்கலத் தட்டுகள், கவிழ்த்த கிண்ணங்கள், சேகண்டி போலத் தொங்கவிட்ட கோங்குகள். இந்தக் கூட்டு வாத்தியத்துக்குக் கமெலான் என்று பெயர். செருப்பைக் கழற்ற வேண்டும், வாத்தியத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று ஷபானா சொன்னதும் பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம வூட்லயும் ஆம்ப்ளிஃபையரத் தாண்டினா நான் வுடமாட்டேன், சொன்னா சிரிப்பீங்க" என்றார். நான் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போலக் கடைசிக்குப் போய்விட்டார். அங்கேதான் பெரிய கோங்கின் பக்கத்தில் ஒரு கிழவர், எழுபது வயதிருக்கும், சும்மா உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்க, இவர் எப்போதோ ஒரு முறை கையைத் தூக்கி ஒரே ஓர் அடி அடிப்பார். தரை அதிரும். மறுபடி சும்மா.

பாய் என்னிடம் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "சார், அந்தப் பெரியவரப் பாத்தீங்களா? எவ்ளோ நேரம் சும்மா குந்திகினுகீறாரு! அந்த ஒரு அடி வுழலன்னா மத்தவன் வாசிக்கிறது எங்க முடியுது, எங்க ஆரமிக்குதுன்னே தெரியாது சார். மைக்கே இல்லாம இன்னாமா கேக்குது! ஒரு பொன்னாட குடுங்க." ஊர்த் தலைவருக்கு என்று நான் எடுத்துவைத்திருந்த பச்சைச் சரிகை போட்டதைப் பிடுங்கிக்கொண்டு போனார். பாட்டு முடிந்த நேரம் பார்த்து, கோங்குக்காரரின் தோளில் போர்த்தி, கையைக் கூப்பினார்.

அந்தக் கொட்டகையே ஒரு கணம் வாயைப் பிளந்தது. அடுத்த கணம் பெண்கள், பிள்ளைகள், வாசிப்பவர்கள் எல்லோரும் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். பாய் வெலவெலத்துப் போனார். "இன்னா ஷபானா? தப்பு பண்ணிட்டேனா?" அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "அத்தா, இங்க ஒருத்தர் தோள்ல துணியப் போட்டா, வா ஆடலாம்னு கூப்பிடறதா அர்த்தம். மாட்டேன்னு சொல்லக் கூடாது. நீங்க அவர ஆட்டத்துக்குக் கூப்பிட்டுட்டீங்க." அதற்குள் கிழவர் கோங்குக் கழியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். சர்னோ என்று பெயர். பல வருடங்களாக அந்தக் கோங்கை விட்டு அவர் எழுந்ததே இல்லையாம். அவரை யாரும் கூப்பிட்டதும் இல்லையாம்.

காதர் பாய் ஆடினார். நம் மைக் செட் பாய், தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக, கிழவரின் மணிக்கட்டையே பார்த்துப் பார்த்து, மெதுவாகக் கையைத் திருப்பி, ஓர் அடி முன்னால் ஓர் அடி பின்னால் வைத்து ஆடினார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் நம் மேடையில் எத்தனை பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பேன்? கடைசி வரிசையில் நின்றவருக்கு ஒன்று போர்த்தத் தோன்றியதே இல்லை. அது அப்போதுதான் உறைத்தது.

இனிச் சொல்வது எனக்குக் கஷ்டமானது. முதலில் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து தன் சால்வையை என் தோளில் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பாய் அங்கிருந்து "எழுந்து வா சார்!" என்று கத்தினார், முதல் முறையாக 'வா' என்று. எனக்கு உடம்பு கூசியது. யாராவது படம் எடுத்து ஊரில் காட்டினால் என்ன ஆவது என்ற நினைப்பு. சால்வையை மடித்து அவள் கையிலேயே கொடுத்துக் கும்பிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். ஆனால் கைதட்டல் நின்றுவிட்டது.

திரும்பும்போது வேனில் பாய் சொன்னார்: "எல்லாரையும் மேடைக்குக் கூப்பிடத் தெரியுது சார் ஒங்களுக்கு. ஒங்களக் கூப்பிட்டா வரத் தெரியல." எனக்குச் சுருக்கென்றது. மைக் செட் போடுகிறவர் எனக்குப் பாடம் எடுப்பதா என்றுகூட நினைத்தேன், கேவலம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை. இரண்டாம் நாள் மாலை, இரண்டு டம்ளர் டீயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊர் திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மதியம் சர்னோ வீடியோவில் வருவார். ஷபானா நடுவில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் சொல்லுவாள். அவர் தன் ஆட்டைக் காட்டுவார், இவர் புது ஸ்பீக்கரைக் காட்டுவார். ஒரு நாள் பாய் என்னிடம், "ஒங்க பேர்ல வாக்கு குட்துட்டேன் சார். அடுத்த அறுவடைக்கு நம்ம சார் வருவாரு, ஆடுவாருன்னு சொல்லிட்டேன்" என்றார். என்னைக் கேட்கவில்லை. இரண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டார். அடுத்த மாதம் பயணம். வியாழக்கிழமை மாலை எனக்கு முட்டி வலி என்று பொய் சொல்லி நழுவப் பார்த்தேன். ஒயரைச் சுருட்டியபடியே, "அதுக்கு முட்டி எதுக்கு சார், கைய அவசரப்படாம திருப்பினா போதும்" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

சனிக்கிழமை மாலைத் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தார்கள். என்னையும் மூன்று கைப்பிடி மண் போடச் சொன்னார்கள். செல்வம் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. விறைத்துப் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ரத்து செய்தோம். அன்று இரவுதான் ஷபானாவால் வந்து சேர முடிந்தது. அத்தாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

திங்கள்கிழமை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது. சர்னோ. வெள்ளிக்கிழமைதான் பாயோடு பேசியிருந்தார். அறுவடை விருந்துக்கு நாள் குறித்துவிட்டார்களாம், அதைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். திரையில் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். "அத்தா எங்கன்னு கேக்கறாரு அங்கிள்" என்றாள், என்னைப் பார்த்து. பிறகு அவர் பாஷையில் சொன்னாள். கிழவரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்லும் "இன்னா லில்லாஹி"யை அவர் தொடங்க, இவளும் சேர்ந்து சொல்லி முடித்தாள். இரண்டு பேருக்கும் சொல்வதற்கு ஒரே வார்த்தை இருந்தது. அத்தனை மேடைகளில் பேசிய எனக்கு ஒன்றும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மறுபடி எதையோ கேட்டார். ஷபானா தயங்கினாள். "நீங்க மட்டுமாவது வருவீங்களான்னு கேக்கறாரு அங்கிள்." வருகிறேன் என்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குள் எப்படி நடந்து போவேன் என்று தெரியவில்லை. என் தோளில் துணி விழும்போது "எழுந்து வா சார்" என்று கத்த ஆள் இருக்காது. நண்பர்களே, அவருடைய மைக்கும் ஸ்பீக்கரும் செல்வத்திடம் இருக்கின்றன, அவர் நன்றாகப் பார்த்துக்கொள்வார். என்னிடம் இருப்பது, என்னைக் கேட்காமல் என் பெயரில் அவர் கொடுத்த ஒரு வாக்கு.